நேரில் கண்டது

கலியமூர்த்தி சாவி வாங்கப் போயிருக்கிறார். மாடி அறைச் சாவி செயலாளர் வீட்டில் இருக்கிறதாம். "இருவது நிமிஷம் ஆகும் மேடம், நானே போய் வாங்கிட்டு வந்துடறேன், நீங்க டீ குடிங்க" என்று சொல்லி, கண்ணாடி கிளாஸை என் முன்னால் வைத்து, ஓலைச்சுவடி ஏட்டில் படாத தூரத்துக்கு அவரே அதைக் கொஞ்சம் நகர்த்தியும் வைத்துவிட்டுப் போனார். இன்னும் ஏடே வரவில்லை. மணி பதினொன்று பத்து. சுவரில் கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே படம் எடுக்கக் கூடாது என்று ஒரு பலகை, பலகைக்குக் கீழே கண்ணாடி அலமாரி, அலமாரியில் மேலிருந்து இரண்டாவது தட்டில் என் புத்தகம். அதைப் பார்க்காமல் உட்கார இந்த மேசையில் வேறு நாற்காலி இல்லை. பச்சை அட்டை. முதல் பதிப்பு. வந்ததும் வராததுமாக அவர் அதைத்தான் காட்டினார். "முன்னுரையில எங்க நூலகத்துக்கு நன்றி சொல்லியிருக்கீங்க மேடம், வர்றவங்ககிட்டல்லாம் எடுத்துக் காட்டுவேன்." காட்டியிருக்கிறார், பத்தொன்பது வருஷமாக, அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளத் துண்டுகூட வைத்திருக்கிறார், அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நான் தொண்ணூத்தெட்டுலேர்ந்து இங்கதான் இருக்கேன், உங்க முகம் மட்டும் ஞாபகத்துக்கே வரல, வயசாயிடுச்சு, மன்னிச்சிக்கங்க" என்றார். மன்னிச்சிக்கங்க. அவர் என்னிடம். நான் என்ன செய்தேன்? பரவாயில்லைங்க என்றேன். பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். என்னைப் பார்த்தே இராத மனிதர், என்னை ஞாபகம் இல்லை என்று மன்னிப்புக் கேட்க, கல்லூரியின் தமிழ்த்துறைத் தலைவர் முனைவர் பங்கயச்செல்வி, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை அதிகம். கீழே வைத்துவிட்டேன்.

அருளப்பனின் கடிதம் கைப்பையில் இருக்கிறது. எடுக்க வேண்டாம், மனப்பாடம்தான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், நான் ஆய்வு செய்த அந்தப் பழைய உரைநூலைப் புதிதாகப் பதிப்பிக்கிறார். மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு என்று ஆரம்பம். இங்கே வந்து சுவடிக் கட்டு 418ஐப் பார்த்தாராம். தாங்கள் அடிக்குறிப்பு 112இல் நேரில் கண்டது என்று குறித்துள்ள மூன்று சொற்களும் இருக்க வேண்டிய இடத்தில் ஏடு 37 இப்போது பூச்சி அரித்துப்போயிருக்கிறது. இப்போது. அந்த இப்போதுவைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. வெட்கங்கெட்ட நிம்மதி. தாங்கள் 2003இல் பார்த்தபோது ஏடு நன்றாக இருந்திருக்கும், அப்படி ஒரு வரி கையெழுத்திட்டுத் தந்தால் போதும், அதையே சான்றாகக் காட்டிப் பதிப்பில் சேர்த்துவிடுகிறேன். அவ்வளவுதான் கடிதம். ஒரு வரி. அந்த மூன்று சொல்லும் அச்சில் வந்த எந்தப் பதிப்பிலும் கிடையாது. எல்லாரும் அந்த இடத்தில் புள்ளி வைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கணவன் திரும்பி வராத இரவில் அந்த நூலில் வரும் பெண் கதவை என்ன செய்தாள் என்பது புள்ளிகளுக்குள் போய்விட்டது. அடைத்திருப்பாள் என்றே உரை சொல்லிவந்தார்கள். இல்லை, இரவெல்லாம் திறந்தே வைத்திருந்தாள், இதோ சுவடியில் இருக்கிறது, நான் பார்த்தேன் என்று சொன்னவள் நான். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் எனக்கு எல்லாம் வந்தது. முனைவர் பட்டம், புத்தகம், வேலை, கருத்தரங்க மேடைகள், கழுத்தில் போட்ட சால்வைகள். பதினொரு கட்டுரைகள் அந்த அடிக்குறிப்பை எடுத்தாண்டிருக்கின்றன, எண்ணி வைத்திருக்கிறேன், யார் எந்தப் பக்கத்தில் என்றுகூடத் தெரியும். ஒருத்தராவது பஸ் ஏறி இங்கே வந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்னைச் சான்று காட்டினால் போதும் என்று இருந்துவிட்டார்கள். என்ன ஜன்மங்கள் என்று அவர்கள் மேல் கோபம் வேறு வருகிறது எனக்கு. எனக்கு!

முத்துவடிவு வந்தாள். பதினொரு நாள் வந்தாள். அவளும் நானும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள், விடுதியில் ஒரே அறை. கோவில்பட்டிக்காரி. அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை, அண்ணன் அனுப்பினால்தான் கையில் காசு. அப்படி இருந்தும் இந்த ஊரில் யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இந்த மேசையிலேயே, ஒருவேளை இதே நாற்காலியில், உட்கார்ந்து ஏடு ஏடாகப் படித்துப் படியெடுத்தாள். கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை ஒரே அளவாக வெட்டி அதில்தான் குறிப்பு எழுதுவாள். முன்னூறு, நானூறு அட்டைகள். ஒரு பக்கம் மணமக்கள் பெயர், திருப்பினால் ஏட்டு எண். பள்ளிக்கூட வேலை கிடைத்ததும் ஆய்வை விட்டுவிட்டாள். வீட்டு நிலைமை அப்படி. கிளம்புகிற அன்றைக்குச் செருப்பு டப்பாவில் அடுக்கி என் கட்டில்மேல் வைத்தாள். "நீயாச்சும் முடிட்டி. இதுல எதையாச்சும் எடுத்துக்கிட்டேன்னா எம் பேரைப் போட்டுரு, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். போடாம இருப்பேனா என்றேன். கட்டிக்கொண்டோம்கூட. அவள் தலையில் நல்லெண்ணெய் வாசனை. ஏடு 37க்கான அட்டை இப்போதும் என் கண் முன்னால் நிற்கிறது. ஒரு பக்கம் இராமநாதபுரத்தில் யாருக்கோ கல்யாணம். மறுபக்கம் அந்த மூன்று சொல்லும் பென்சிலில், இரண்டு பக்கமும் பகர அடைப்பு போட்டு. அதற்குக் கீழே சின்னதாக, என் ஊகம். அடைப்புக்குள் இருந்தால் ஏட்டில் இல்லை, படிப்பவர் ஊகித்துச் சேர்த்தது என்று அர்த்தம். எங்கள் துறையில் முதல் வருஷப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் அந்த அட்டையைப் பார்த்து என் பக்கத்தில் எழுதுகிறேன். பேனா அடைப்பைப் போட வேண்டிய இடத்தில் நிற்கிறது. நின்றது. இத்தனை வருஷமாக அந்தப் பேனா அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது, ராத்திரி தூக்கம் கலைந்தால் அதுதான், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கை நின்றால் அதுதான். மறதியில் விட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறதிக்குப் பேனா நிற்காது. அடைப்பு இருந்தால் அது ஒரு பெண்ணின் ஊகம், பட்டம் முடிக்காத ஒருத்தி கல்யாணப் பத்திரிகையின் பின்னால் எழுதியது. அடைப்பு இல்லையென்றால் கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்புக்கு அடிக்குறிப்பு வேண்டும். முத்துவடிவின் குறிப்பட்டை என்று போட்டால் அட்டையைக் காட்டு என்பார்கள், அட்டையில் அடைப்பு இருக்கிறது. ஆகவே நேரில் கண்டது. இரண்டே சொல்லில் அவளுடைய பதினொரு நாளையும் எடுத்துக்கொண்டேன்.

முழுப் பொய் இல்லை என்று எனக்குள் ஒரு வக்கீல் வைத்திருக்கிறேன். அவன் சொல்வான், நீ வந்தாயே. வந்தேன். ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு நாலு நாள் முன்னால், மனசு உறுத்தி, ஒரே ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று பஸ் ஏறி வந்தேன். அன்றைக்கு ஆயுத பூஜை. பூட்டிக் கிடந்தது. கம்பிக் கதவில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, பூட்டுக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்கும் விடுமுறை என்று எதிர்க்கடைக்காரர் சொன்னார், மறுநாளைக்கு மறுநாள் வாங்க என்றார். தங்கியிருக்கலாம். திரும்ப வந்திருக்கலாம். பஸ் நிலையத்தில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். என்ன ஏதென்று கேட்ட பேராசிரியரிடம், நூலகம் போயிட்டு வந்தேன் ஐயா என்றேன். அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. போனேன், வந்தேன். "பாத்தாச்சுல்ல? அப்ப நேரில் கண்டதுன்னே போட்டுடும்மா" என்றார் அவர். அவர் சொன்னார் என்று அவர் தலையிலும் கொஞ்சம் கட்டியாயிற்று, பாவம், அவர் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. முன்னுரையில் எழுதினேன், வேப்பமர நிழலில் அமைந்த அந்தக் குளிர்ந்த கூடத்தில் ஏடுகளைப் புரட்டிய நாட்கள் மறக்க முடியாதவை. நாட்கள்! காலையில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் மரத்தைத்தான் பார்த்தேன். புங்கமரம். ஊரே பார்க்கிற மாதிரி வாசலில் நிற்கிறது புங்கமரம். அன்றைக்குப் பூட்டைப் பார்த்தவள் மரத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கூடமும் குளிர்ச்சி இல்லை, ஓட்டுக் கட்டடம், விசிறி சுற்றியும் முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டுவிட்டது. கலியமூர்த்தி எத்தனை தடவை படித்திருப்பார் அந்த வரியை. வேப்பமரம் என்று படிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் புங்கமரம் தெரிந்திருக்குமே. அம்மா ஏதோ ஞாபகப் பிசகில் எழுதிவிட்டார்கள் என்று அவரே எனக்காகச் சரிக்கட்டியிருப்பார்.

மணி பதினொன்று இருபத்தைந்து. எழுந்து போய்விடலாம். வயிறு சரியில்லை என்று எழுதி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தால் பன்னிரண்டு மணி பஸ். வீட்டில் போய் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினால் தீர்ந்தது. நான் 2003இல் பார்த்தபோது ஏடு முழுமையாக இருந்தது. பூச்சி வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. இருபது வருஷம் போதாதா ஒரு பூச்சிக்கு? எதற்காக வந்தேன் இங்கே, நல்லவள் ஆகவா? இல்லை. ஓட்டையைப் பார்க்க வந்தேன். எப்போது விழுந்த ஓட்டை என்று பார்த்தால் சொல்ல முடியுமா, முடியாதா, அது தெரிந்தால் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று தெரியும். திருடப்போன வீட்டில் தடயம் விட்டோமா என்று பார்க்க வந்தவள் நான், அதுவும் போகாத வீட்டில். என் மாணவர்கள் என்னை அடிக்குறிப்பு அம்மா என்று கூப்பிடுகிறார்கள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. சான்று எங்கே, சான்று எங்கே என்று சிவப்பு மையில் எழுதியே பெயர் வாங்கினேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் தமயந்தி என்று ஒரு பெண், வேறு ஒருத்தர் நூலிலிருந்து பக்க எண்ணை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள், அந்த நூலில் பக்க எண்ணே தப்பு, தப்போடு சேர்த்து எடுத்திருந்தாள். மூல நூலைக் கண்ணால் பார்த்தியா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். அந்தப் பெண் நின்ற நிலை. கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி. ஓர் இயலை முழுசாகத் திருப்பி எழுத வைத்தேன். அப்போது எனக்கு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது. நேர்மையானவள் என்று தோன்றியது, அந்த ஒரு மத்தியானம் முழுக்க. முத்துவடிவை ஒரே ஒரு தடவை பார்த்தேன் அப்புறம், திருநெல்வேலியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு, பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கதவைப் பற்றித்தான் பேசினேன். நிறுத்த முடியவில்லை, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. முடிந்ததும் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். "புஸ்தகம் வாங்குனேன் செல்வி. நல்லா வந்துருக்கு" என்றாள். பிள்ளைகள் எத்தனை என்றாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றாள். அவ்வளவுதான். அந்த நல்லா வந்துருக்குவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதில் எங்கேயாவது ஒரு ஊசி இருக்கிறதா என்று தேடியிருக்கிறேன். இருந்தால் தேவலை. அவள் எண் போனில் இருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் பானை படம் அனுப்புகிறாள். நானும் கைகூப்பும் படம் அனுப்புகிறேன்.

செருப்புச் சத்தம். வந்துவிட்டார். இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருகிறார், சிவப்புத் துணி, இத்தனூண்டு கட்டு, நான் பெரிதாக நினைத்திருந்தேன். மேசையில் வைத்துத் துணியைப் பிரித்தார். எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசனை ஏறியது. "பக்குவமாத்தான் வச்சிருக்கோம் மேடம், வருஷத்துக்கு ஒருவாட்டி எண்ணெய் தடவிடுவோம், இப்ப பூச்சி கீச்சி கிடையாது" என்றார். பூச்சி கிடையாது. என் சாட்சியைக் கைதவறித் தட்டிவிட்டார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சட்டென்று நிறுத்தி, முகம் மலர, "ஆங், இப்ப வருது மேடம்! இந்தக் கட்டை ஒரு பொண்ணு வந்து பத்துப் பதினோரு நாள் உக்காந்து எழுதிச்சு. ஒல்லியா இருக்கும். பத்திரிகைக்குப் பின்னாடி எழுதும். மத்தியானம் புளிசோறு கொண்டாரும், எனக்கும் ஒரு வாய் வைக்கும். நீங்கதானே மேடம் அது?" என்றார். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில், தொலைந்தது கிடைத்தாற்போல. என் தலை ஆடியது. ஆமாம் என்றும் ஆடவில்லை, இல்லை என்றும் ஆடவில்லை, ஆனால் ஆடியது, நான் ஆட்டினேன். "அதானே பாத்தேன்" என்று சிரித்துவிட்டு, டீயை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். புளிசோற்றையும் எடுத்துக்கொண்டேன். இனி அவளிடம் என்ன மிச்சம்?

ஏடு 37. எண்ணி எண்ணி எடுக்கிறேன், விரல் வியர்த்து முந்தானையில் துடைத்துத் துடைத்து. இதோ. வெளிச்சத்துக்குத் தூக்கினால் நடுவில் ஓட்டை. ஒன்றில்லை, கோணல்மாணலாக நாலைந்து சேர்ந்த நீளமான ஓட்டை, அதன் வழியாகக் கலியமூர்த்தியின் சட்டைப் பொத்தான் தெரிகிறது. ஓரமெல்லாம் மழமழவென்று, கறுத்து, எண்ணெய் ஊறி, இருபது வருஷ எண்ணெயா ஐம்பது வருஷ எண்ணெயா எனக்கு எங்கே தெரியும். நான் ஏடு படித்தவள் இல்லை, அட்டை படித்தவள். நல்லது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நெஞ்சு ஒரு நிமிஷம் லேசானது நிஜம். ஏட்டைத் திரும்ப வைக்கும்போதுதான் கட்டின் கீழ் மரச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த அட்டை கண்ணில் பட்டது. பழுப்பேறிய தடித்த அட்டை, கோடு போட்டு, பெயர், நாள், குறிப்பு. "அதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம், கட்டைப் பாத்தவங்க எல்லாம் அதுல போடணும், ஆரம்பத்துலேர்ந்தே இங்க அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா" என்றார் அங்கிருந்தே. எனக்குத் தெரியாதது. வந்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் வரியில் முத்துவடிவு, 14.2.2001, அவளுடைய வட்ட எழுத்து. குறிப்பு: ஏடு 37 நடுவில் பூச்சி அரிப்பு, மூன்று சொல் இல்லை. அன்றைக்கே இல்லை. அன்றைக்கே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், என்னை மாட்டவைக்க இல்லை, அடுத்து வருகிறவருக்கு உதவுமே என்று. அடுத்து யாரும் வரவில்லை, இருபத்து மூன்று வருஷம். அப்புறம் அருளப்பன், போன மாதம் இருபத்தெட்டாம் தேதி, நறுக்கென்ற நீல மை. ஆக அவர் இதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, என் பெயர் இதில் இல்லை என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு. முகம், காது, கழுத்து எல்லாம் சுடுகிறது. தமயந்தி கைக்குட்டையை ஏன் அப்படிச் சுற்றினாள் என்று இப்போது தெரிகிறது, கை எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. முத்துவடிவுக்கும் அருளப்பனுக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று. விட்டிருக்கிறார். மரியாதைக்கு விட்டாரா, பொறி வைத்தாரா, எது என்று அந்த வெற்று வரியைப் பார்த்தால் தெரியவில்லை. 2003 என்று போட்டால் பொருந்தும். பேனாவைத் திறந்துவிட்டேன். முனை அந்த வரிமேல் நிற்கிறது. மறுபடியும் நிற்கிறது.

கலியமூர்த்தி எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். "அந்த சார் ஒரு வரி விட்டுட்டாரு, நானும் அப்பவே சொன்னேன், இருக்கட்டும்னுட்டாரு. அதுலயே போட்டுடுங்க மேடம், எதுக்கு வீணா" என்றார். நான் அந்த வரியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு இழுத்தேன். கோடு நேராக வரவில்லை. அருளப்பனுக்குக் கீழே என் பெயரை எழுதினேன், இன்றைய தேதி போட்டேன். குறிப்பில், முத்துவடிவு எழுதியது சரி, அந்த மூன்று சொல் அவருடைய ஊகம், என் நூலில் நேரில் கண்டது என்று இருப்பது தவறு என்று எழுதினேன். இடம் போதவில்லை, கடைசிச் சொல் கோட்டைத் தாண்டிவிட்டது. அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நிமிர்ந்தார். அலமாரியைப் பார்த்தார், அந்த அடையாளத் துண்டைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"அப்ப அந்தப் புளிசோத்துப் பொண்ணு?"

"அது நான் இல்லைங்க. அதுதான் முத்துவடிவு."

"இங்க வர்றது?"

"உள்ள வர்றது இதுதான் முதல் தடவை."